ஆராதனை ஒலி-ஒளி தானியக்கம்: பொத்தான் எதைத் தொடக்கூடாது?

பாடல், ஜெபம், வேத வாசிப்பு, செய்தி, ஆசீர்வாதம் என்று ஆராதனையின் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்சரில் உட்காரும் தன்னார்வலர்தான் வாரத்துக்கு வாரம் மாறுகிறார். ஒன்றை அழுத்தினால் மைக்கும் கேமராவும் தானாக மாறும்படி, வரிசை முழுவதையும் கட்டுப்பாட்டுக் கணினியின் பொத்தான்களில் அடக்கிவிட சபைகள் விரும்புவது நியாயமே. பொத்தானுக்கு அளவுக்கு மீறி அதிகாரம் கொடுக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

டிஜிட்டல் மிக்சரில் ஒரு சீனை, அதாவது அப்போதைய அமைப்புகளின் தொகுப்பை, சேமித்தால் மியூட்டும் ஃபேடரும் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் பட்டை) மட்டுமல்ல, கெயின் (மைக் ஒலியை உள்ளே வரும்போதே பெருக்கும் அளவு), ஈக்யூ (ஒலியின் தன்மையைச் சரிசெய்வது), மானிட்டர் அளவு (மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்கும் ஒலி) எல்லாமே அதற்குள் போய்விடும். போன மாதம் சேமித்த ‘பாடல்’ சீனை இன்று அழைத்தால், காலையில் சவுண்ட் செக்கில் பார்த்துப் பார்த்து வைத்த கெயின் அழிந்து பழைய கெயின் வந்து உட்காரும். ஒரு மைக் அமுங்கும், இன்னொன்று ஊளையிடும். அதனால் எல்லா சேனல்களின் கெயினையும் மானிட்டர் அளவுகளையும் ‘ரீகால் சேஃப்’ பட்டியலில், அதாவது சீனை அழைத்தாலும் மாறாதவற்றின் பட்டியலில், போட்டுவிடுங்கள். போதகரின் காலர் மைக் சேனலை முழுதாகவே போடுங்கள். அதைத் திறப்பதும் மூடுவதும் மனிதக் கைதான் செய்ய வேண்டும். செய்தி முடிந்து அவர் ஒருவரோடு தனியாக ஜெபிக்கும்போது, அந்த மனிதரின் கண்ணீர்க் கதை நேரலையில் போய்விடக்கூடாது. இதில் எந்த சமரசமும் வேண்டாம்.

கேமராவுக்கு வருவோம். ‘செய்தி’ பொத்தானை அழுத்தியதும் முதலில் மேடை முழுவதும் தெரியும் முதல் கேமரா நேரலைக்குப் போக வேண்டும். அதன் பிறகே இரண்டாவது கேமரா பிரசங்க மேடை பிரசெட்டுக்கு (முன்பே சேமித்து வைத்த கோணத்துக்கு) திரும்பலாம். அது நிலைகொள்ளும்வரை காத்திருந்து அதற்கு மாற வேண்டும். இந்த வரிசை தப்பினால் கேமரா சுழல்வதை எல்லோரும் பார்ப்பார்கள். எவ்வளவு நேரம் காத்திருப்பது? அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திரும்ப ஆகும் நேரத்தை அளந்து, அரை விநாடி கூட்டிக்கொள்ளுங்கள்.

நேரலையில் உதடும் குரலும் ஒட்டாமல் போவதும் சகஜம். கேமராவும், ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஸ்விட்ச்சரும் படத்தைத் தாமதப்படுத்த, குரல் முந்திக்கொள்கிறது. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி. 3 ஃபிரேம் பிந்தினால் 120. அந்த அளவு டிலேயை (தாமதத்தை) நேரலைக்குப் போகும் ஒலியில் மட்டும் வையுங்கள், அரங்க ஒலிபெருக்கியில் வைக்காதீர்கள். கேமரா முன் கைதட்டிப் பதிவுசெய்து பார்த்தால் எத்தனை ஃபிரேம் என்று தெரிந்துவிடும்.

கட்டுப்பாட்டுக் கணினி, மிக்சர், ஸ்விட்ச்சர், கேமராக்கள் எல்லாவற்றுக்கும் நிலையான ஐபி முகவரி கொடுங்கள். கரண்ட் போய் வந்தபின் ரவுட்டர் புது முகவரி கொடுத்துவிட்டால் பொத்தான் ஒளிரும், கேமரா அசையாது. இணைப்பு கேபிளில் இருக்கட்டும். விருந்தினர்களின் செல்போன்கள் சேரும் வைஃபையில் வேண்டாம். ஆம்ப்ளிஃபையர் கடைசியில் ஆன், முதலில் ஆஃப்.

மாதம் ஒரு ஒத்திகையில் கட்டுப்பாட்டுக் கணினியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, தன்னார்வலரைப் பத்து நிமிடம் கையாலேயே நடத்தச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வேலையைக் காகிதத்தில் எழுதி மிக்சர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.