மதுரை வெயிலுக்குத் துணிக்கூரையா, தகரக்கூரையா?

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன சித்திரையில் ஊருக்கு வந்திருந்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்துவிட்டானாம். "மாமா, சாஃப்ட் டாப் எடுக்கவா, ஹார்டு டாப் எடுக்கவா?" என்றான். முன்னது மடங்கும் துணிக்கூரை, பின்னது கெட்டியான தகரக்கூரை. அவன் வாங்கிவந்த இனிப்பு காலியானதும் அந்த அட்டைப்பெட்டியை அவன் கையிலேயே கொடுத்தேன்.

நீங்களும் செய்து பார்க்கலாம். மூடியை எடுத்துவிட்டு, பெட்டியின் இரு முனைகளையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள். சுலபமாகத் திருகிக்கொள்ளும். இப்போது மூடியைப் போட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அதே அட்டை, அதே கை. ஆனால் பெட்டி அசைய மறுக்கும். முறுக்கும் விசை நான்கு பக்கமும் சுற்றி ஓட வழி இருந்தால் பெட்டி விறைத்து நிற்கும். ஒரு பக்கம் திறந்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துபோகும்.

பிவிசி குழாயில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 25 மில்லிமீட்டர் ஆரமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடாகக் கீறிவிட்டால், அதன் முறுக்கு விறைப்பு 400 மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். குழாயிலிருந்து எடுத்த பொருள் ஏறக்குறைய ஒன்றுமில்லை, போனது அந்த மூடிய வட்டம்தான். கார் இவ்வளவு எளிய குழாய் இல்லை என்றாலும் கணக்கு அதே திசையில்தான் போகிறது. முன்சக்கரம் ஒன்று பள்ளத்தில் இறங்கும்போது வண்டி முழுவதும் முறுக்கப்படுகிறது. கூரை இல்லையென்றால் முன்கண்ணாடிச் சட்டம் நடுங்குவது கண்ணுக்கே தெரியும். இதைச் சரிக்கட்ட கதவுக்குக் கீழே உள்ள விட்டங்களைத் தடிமனாக்கி, அடியில் குறுக்குச் சட்டங்கள் கொடுத்து, கண்ணாடித் தூண்களுக்குள் வலுவான எஃகு வைக்கிறார்கள். கூரையைக் கழற்றினால் வண்டியின் எடை குறையும் என்று நினைப்போம். பெரும்பாலும் கூடத்தான் செய்கிறது.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹார்டு டாப் என்ற ஒரே பேரில் மூன்று விதம் உண்டு. உடம்போடு சேர்த்துப் பற்றவைத்த கூரை, கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகும் கூரை, பொத்தானை அமுக்கினால் மடிந்து பின்னால் போகும் கூரை. முதலாவது மட்டுமே டேப் ஒட்டிய மூடி. மற்ற இரண்டும் கொக்கியில் நிற்பவை. அவற்றால் முறுக்கு கொஞ்சம் குறையலாம், ஆனால் பற்றவைத்த கூரையின் வேலையைச் செய்யாது. மடங்கும் இரும்புக்கூரை உள்ள வண்டியும், அடிப்படையில் கூரையில்லாத வண்டியாகத்தான் வடிவமைக்கப்படுகிறது.

மடங்கும் கூரை புதுசும் அல்ல. ழார்ழ் போலான் என்ற பிரெஞ்சுப் பல்மருத்துவர் 1930-களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கி, பெஜோ கார்களில் ஓடவிட்டார். அந்த மனிதரை 1942-இல் நாஜிகள் சுட்டுக்கொன்றார்கள். எதிர்ப்பு இயக்கத்துக்கு உதவியதுதான் குற்றம். இந்த வகைக் கூரையைப் பற்றி எப்போது பேசினாலும் எனக்கு அவர் நினைவு வந்துவிடும்.

இரும்புக்கூரை மடிந்தால் அது போய் உட்கார இடம் வேண்டுமே. 2009-இல் வந்த பிஎம்டபிள்யூ இசட்4 வண்டிக்கு மடங்கும் உலோகக்கூரை. மூடியிருக்கும்போது டிக்கியில் 310 லிட்டர் இடம், மடித்தால் 180 லிட்டர். 2018-இல் வந்த அடுத்த இசட்4-இல் துணிக்கூரைக்கே திரும்பிவிட்டார்கள். திறந்தாலும் மூடினாலும் 281 லிட்டர். பத்து நொடியில் திறக்கிறது. துணி என்றால் மட்டம் என்ற எண்ணத்தை இந்த ஒரு கணக்கே மாற்றிவிடும்.

சரி, வெயில்? அவனைக் காளவாசல் பக்கம் ஆட்டோக்களுக்கு டாப் தைக்கும் ஒரு குஷன் கடைக்குக் கூட்டிப்போனேன். கழற்றிப் போட்டிருந்த பழைய ரெக்சினைக் கடைக்காரர் விரித்துக் காட்டினார். நடுப்பகுதி நன்றாகவே இருந்தது. கம்பி வளைவின் மேல் படிந்த கோட்டில் மட்டும், காய்ந்த கண்மாய்த் தரை மாதிரி பாளம் பாளமாக வெடிப்பு. "மடியிற எடத்துலதான்ணே மொதல்ல விட்டுப்போகும்" என்றார். ரெக்சினின் மேல்பூச்சான பிவிசி தன்னளவில் விறைப்பான பொருள். அதற்குள் சேர்க்கும் மென்மையாக்கிதான் அதை வளைய வைக்கிறது. வெயிலில் அது கசிந்து வெளியேற, புற ஊதாக்கதிர் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்க, மடிப்பில் விரிசல் விழுகிறது.

நல்ல கார்களின் துணிக்கூரை வேறு ரகம். மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் ரப்பர், அடியில் இன்னொரு துணி என மூன்றடுக்கு. சுங்குடிச் சேலையை நெய்தபிறகுதான் சாயத்தில் முக்குவார்கள். அதனால்தான் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி விழுகிறது. கார்க்கூரைத் துணிக்கோ நூல் இழையாவதற்கு முன்பே, அக்ரிலிக் கூழிலேயே நிறமியைக் கலந்துவிடுகிறார்கள். அதனால் சீக்கிரம் வெளுக்காது.

சூட்டைப் பொறுத்தவரை தகரமா துணியா என்பதைவிட, அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கறுப்பு நிறமென்றால் இரண்டுமே உச்சிவெயிலில் கொதிக்கும். ஒற்றை ரெக்சின் போட்ட ஆட்டோவில் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தால் உச்சந்தலையில் அடுப்பு வைத்ததுபோல் இருப்பது, நடுவில் தடுப்பு இல்லாததால்தான். உள்ளே பஞ்சடுக்கு வைத்த துணிக்கூரை எவ்வளவோ தேவலை. சத்தத்தில் மட்டும் தகரம் ஜெயிக்கும்: சதுர மீட்டருக்கு எடை எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு ஒலியைத் தடுக்கும்.

அப்புறம் காற்று. நான்குவழிச் சாலையில் லாரித் தார்ப்பாய் மேல்நோக்கி உப்பிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். வளைவின் மேல் காற்று வேகம் கூட, அழுத்தம் குறைகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். அதில் பாதி இழுத்தாலே ஒரு சதுர மீட்டர் துணியை 20 கிலோவுக்கு மேல் தூக்கும். அதனால்தான் இப்போதைய துணிக்கூரைகளில் துணியைத் தாங்கும் வில்போன்ற கம்பிகளுக்கு இடையே கெட்டிப் பலகைகளையும் வைத்துவிடுகிறார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். நிழலான ஷெட் இருந்தால், மூன்றடுக்குத் துணிக்கூரையே எடுக்கலாம். கூரையைத் திறந்து ஓட்டும் சுகம் மதுரையில் விடியற்காலையில் கிடைக்கும், இல்லையென்றால் வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது கிடைக்கும். புழுதி படிந்த துணியை மடிக்கக் கூடாது. மண் உப்புத்தாள்போல் தேய்க்கும். வேப்பமரத்தடியில் நிறுத்தினால் கூரையோரத்து நீர்த்துளைகளில் பூ அடைத்துக்கொள்ளும். அழகர்கோவிலில் குரங்குகள் இருக்கும் இடத்தில் துணிக்கூரையை விட்டுவிட்டு நகரவே கூடாது. வெட்டவெளியில்தான் நிற்கும் என்றால் பற்றவைத்த கூரையே மேல்.

மறுவாரம் அவன் பார்க்கப்போன வண்டி துணிக்கூரை போட்டது. முன்சக்கரம் ஒன்றை மட்டும் நடைபாதை விளிம்பில் ஏற்றி நிறுத்திவிட்டு, இரண்டு கதவுகளையும் திறந்து மூடிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். உடம்பு தளர்ந்த வண்டியென்றால் கதவு சட்டத்தில் உரசும். போனில் சொன்னான்: "இடது கதவு பூட்டுல இடிக்குது மாமா." வேற வண்டி பார் மாப்ள என்றேன்.