பையனின் ஸ்விங் சரி, கேமராதான் கோணல்

சென்ற வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மாடி அறையை கோல்ஃப் பயிற்சி அறையாக மாற்றியிருந்தார்கள். நின்று அடிக்க நல்ல மேட் (விரிப்பு), பந்தைத் தடுக்க நல்ல ஸ்கிரீன், இரண்டு கேமரா, சுவரில் பெரிய டிவி. பையனுக்குப் பதினான்கு வயது. இரண்டு வருடம் முன்பு அவன் பந்து அடித்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு இயல்பான கை. சென்ற வாரம் நான் பார்க்க, 7-அயர்ன் என்ற கிளப்பை (பந்தடிக்கும் மட்டையை) எடுத்து அடித்தான். கிளப்பை உடம்பிலிருந்து வெளியே தள்ளித் தூக்கினான், இறங்கும்போது குறுக்கே வெட்டினான், பந்து வலது பக்கம் வளைந்து போய் ஸ்கிரீனின் ஓரத்துணியில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அப்பா சொன்னார்: "சார், இவன் டேக்அவேல கிளப்பை ரொம்ப உள்ள இழுக்கிறான். அஞ்சு மாசமா தினமும் வீடியோ போட்டுக் காட்டித் திருத்துறேன். இப்பதான் கோட்டுக்கு வந்திருக்கான். ஆனா பந்து நேரா போக மாட்டேங்குது."

டேக்அவே என்றால் கிளப்பைப் பின்னால் எடுக்கும் முதல் கட்டம், 'உள்ளே' என்றால் உடம்பின் பக்கம். டிவியில் சாஃப்ட்வேர் ஒரு கோடு போட்டிருந்தது. கிளப் கோட்டுக்கு உள்ளே போனால் சிவப்பு, கோட்டின் மேல் போனால் பச்சை. பையன் ஐந்து மாதமாகப் பச்சைக்காக உழைத்திருக்கிறான்.

நான் பையனுக்குப் பின்னால் இருந்த கேமராவைப் போய்ப் பார்த்தேன். கதவு திறக்க இடம் வேண்டும் என்று, மாட்டியவர்கள் அதைப் பந்தின் பக்கமாக ஒரு அடி தள்ளி மாட்டியிருந்தார்கள். பையனுக்கும் கேமராவுக்கும் இடையே இரண்டு மீட்டர்தான் இருக்கும்.

இந்த ஒரு வருடத்தில் இப்படி நான் பார்க்கும் ஆறாவது அறை இது. வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் பயந்து சென்னையில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்கிறவர்கள் கூடிவிட்டார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு, கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் அறையின் வசதிக்கு விட்டுவிடுகிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதை விளக்கியே தீர வேண்டும். ஆட்டக்காரருக்குப் பின்னால், இலக்கைப் பார்த்து நிற்கும் கேமராவை 'டவுன் த லைன்' என்போம். டேக்அவேயில் ஒரு கட்டத்தில் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) தரைக்கு இணையாக, கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். வலது கை ஆட்டக்காரர், இலக்குக் கோட்டுக்கு மிகச் சரியாக இணையாகத்தான் எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். கேமரா அவர் கைகளுக்கு நேர் பின்னால் இருந்தால், கிளப்ஹெட் (பந்தில் படும் தலைப்பகுதி) கைகளை மறைத்துக்கொண்டு ஒரே புள்ளியாகத் தெரியும். கேமரா பந்தின் பக்கம் ஒரு அடி தள்ளி இருந்தால்? கிளப்ஹெட் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கைகள் தூரத்தில் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பது அதிகம் நகர்ந்து தெரியும். ரயில் ஜன்னலில் மின்கம்பம் ஓடுவதும் மலை நிற்பதும் இதனால்தான். ஆகவே கிளப்ஹெட் உள்ளே போனதுபோல் தெரியும்.

எவ்வளவு என்று கேளுங்கள். கையிலிருந்து கிளப்ஹெட் வரை 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கைகளிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கும் கேமரா 30 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாலே கிளப்ஹெட் 13 செ.மீ. உள்ளே போனதாகக் காட்டும். அதே கேமரா 2 மீட்டரில் இருந்தால் 25 செ.மீ. ஒரு சாணுக்கு மேல்! எந்தப் பயிற்சியாளரும் பதறிப்போகிற அளவு. அந்த வீட்டில் நடந்தது இதுதான். பையன் நேராகத்தான் எடுத்துக்கொண்டிருந்தான். இல்லாத தப்பை ஐந்து மாதம் உட்கார்ந்து திருத்தி, இருந்த ஸ்விங்கைக் கெடுத்துவிட்டார்கள். கேமரா எதிர்ப்பக்கம், அதாவது முதுகுப் பக்கம் தள்ளியிருந்தால் நேர்மாறாக, கிளப் வெளியே போவதுபோல் தெரியும்.

"ஹை ஸ்பீட் கேமரா சார், பொய் சொல்லுமா?" என்று கேட்கிறார்கள். வேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நொடிக்கு ஆயிரம் படம் எடுத்தாலும் ஆயிரமும் அதே கோணலில்தான் இருக்கும். "சாஃப்ட்வேர் கோடு போட்டுக் காட்டுதே!" சாஃப்ட்வேர் படத்தின் மேல் கோடு போடுகிறது. உங்கள் அறையின் மேல் போடவில்லை. கேமரா எங்கே நிற்கிறது என்று நீங்கள் சொன்னால் ஒழிய அதற்குத் தெரியாது. பெரும்பாலான சாஃப்ட்வேர் கேட்பதும் இல்லை.

எதிரே நின்று நெஞ்சைப் பார்க்கும் 'ஃபேஸ் ஆன்' கேமராவுக்கும் இதே கதைதான். அது பந்திலிருந்து 3 மீட்டரில் இருந்து, இலக்கின் பக்கம் ஒரு அடி நகர்ந்திருந்தால், பந்து உண்மையான இடத்தைவிட 6 செ.மீ. பின்னால், வலது காலின் பக்கம் இருப்பதுபோல் தெரியும். ஏறக்குறைய ஒன்றரைப் பந்து அகலம். "பந்தை முன்னாடி வை, முன்னாடி வை" என்று எத்தனை பேர் எத்தனை பிள்ளைகளை இதற்காகக் கடிந்திருப்பார்கள்!

சரி, நான் எப்படி மாட்டுகிறேன் என்று சொல்கிறேன். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு இரண்டு போதும். லேசர் எல்லாம் வேண்டாம். மேட்டில் இலக்குக் கோட்டை முதலில் சாக்பீஸால் போடுங்கள். ஆட்டக்காரரை நிற்கச் சொல்லி, அவர் கைகள் தொங்கும் இடத்துக்கு நேர் மேலே கூரையிலிருந்து ஒரு குண்டைத் தொங்கவிடுங்கள். அந்த இடத்திலிருந்து இலக்குக் கோட்டுக்கு இணையாக அளந்து, ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் இன்னொரு குண்டு. இப்போது கேமராவின் வழியே பாருங்கள். இரண்டு நூலும் ஒன்றை ஒன்று மறைத்து, ஒரே நூலாக, படத்தின் நட்டநடுவில் நிற்க வேண்டும். இரண்டாகத் தெரிந்தால் கேமரா தள்ளி இருக்கிறது, நகர்த்துங்கள். ஒன்றாகத் தெரிந்தும் நடுவில் இல்லையென்றால் கேமரா திரும்பியிருக்கிறது, திருப்புங்கள். கேமராவின் உயரம் கைகளின் உயரம். வேலை முடிந்தது, கால் மணி நேரம்.

(கேமராவைக் கைகளின் வரிசையில் வைப்பதா, கால்விரல்களின் வரிசையில் வைப்பதா என்று கேமரா மாட்டுகிற எங்களுக்குள் ஒரு வழக்கு ரொம்ப நாளாக நடக்கிறது. நான் கை வரிசைக்காரன். நீங்கள் எதை எடுத்தாலும் சரி, என்றைக்கும் அதையே வையுங்கள். திங்கட்கிழமை வீடியோவையும் வெள்ளிக்கிழமை வீடியோவையும் ஒப்பிட வேண்டுமானால் வேறு வழியில்லை.)

ட்ரைபாட் வேண்டாம். அறையைப் பெருக்குகிறவர் தினமும் அதை நகர்த்துவார், நகர்த்தாமல் அவர் எப்படிப் பெருக்குவார்? சுவரிலோ கூரையிலோ கம்பி இறக்கி அசையாமல் மாட்டுங்கள். முடியாதென்றால் மூன்று கால் நிற்கும் இடத்திலும் தரையில் பெயிண்ட் அடித்துவிடுங்கள். டேப் உரிந்துவிடும்.

இடம் போதவில்லை என்று போனில் 0.5 என்ற அகலக் கோண லென்ஸைப் போடாதீர்கள். ஓரங்கள் வளைந்து, நேரான ஷாஃப்ட்டே வில் மாதிரித் தெரியும். 1 என்பதில் வைத்து எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போங்கள். கதவைத் திறந்து வராந்தாவில் வைத்தாலும் பரவாயில்லை.

அடுத்தது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம். இதையும், நொடிக்கு எத்தனை படம் என்கிற பிரேம் கணக்கையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். சாதாரண ஆட்டக்காரர் டிரைவரை (தூரம் அடிக்கும் மிக நீளமான கிளப்பை) வீசும்போது கிளப்ஹெட் மணிக்கு 145 கி.மீ. அளவில், அதாவது நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போகிறது. நொடிக்கு 240 பிரேம் எடுத்தால் இரண்டு படத்துக்கு இடையே அது 17 செ.மீ. நகர்ந்திருக்கும். அது பிரேம் கணக்கு. ஒவ்வொரு படத்துக்குள்ளும் எவ்வளவு தேய்ந்து தெரிகிறது என்பது ஷட்டர் கணக்கு. வெளிச்சம் குறைந்த அறையில் போன் தானாக 1/240 நொடி ஷட்டரை வைத்துக்கொள்ளும். அந்த 17 செ.மீ. முழுவதும் ஒரே தீற்றலாகிவிடும், கிளப்பின் முகம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. 1/2000-ல் வைத்தால் தீற்றல் 2 செ.மீ.க்கு இறங்கிவிடும். ஆனால் அதற்கு எட்டு மடங்கு வெளிச்சம் வேண்டும். அறைக்கு முதலில் விளக்கு வாங்குங்கள், அப்புறம் கேமரா. நான் இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

விளக்கிலும் ஒரு சிக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, 240 பிரேமில் அப்பட்டமாகத் தெரியும், படம் துடித்துக்கொண்டே இருக்கும். கடையில் வாங்கும்போதே போனின் ஸ்லோமோஷனில் அந்த விளக்கை எடுத்துப் பாருங்கள். துடித்தால் வாங்காதீர்கள்.

ஷாஃப்ட் வாழைப்பழம்போல் வளைவதைக் காட்டி, "ஷாஃப்ட் ரொம்ப சாஃப்ட்டா இருக்கு, ஸ்டிஃப் போடணுமா?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு: ஷாஃப்ட் கொஞ்சம் வளையும், உண்மைதான். ஆனால் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி ரோலிங் ஷட்டர். போன் சென்சார் படத்தை வரி வரியாக வாசிக்கிறது, கடைசி வரிக்கு வருவதற்குள் கிளப் நகர்ந்துவிடுகிறது. தயவுசெய்து அதைப் பார்த்து ஷாஃப்ட் மாற்றாதீர்கள். முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டர் கேமராவில் இந்தத் தொந்தரவு கிடையாது. புதிதாகக் கேமரா வாங்குவதானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சாஃப்ட்வேரைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. வீட்டில் பயிற்சி செய்கிறவருக்குக் கினோவியா போதும். இலவசம், விண்டோஸில் ஓடும், கேமராப் படத்தைச் சில நொடி தாமதமாகக் காட்டும் வசதி உண்டு, அடித்துவிட்டு நிதானமாகத் திரும்பிப் பார்க்கலாம். அதிலும் கோடு போடலாம், கோணம் அளக்கலாம். ஆனால் ஒற்றைக் கேமராப் படத்தில் தோள் எத்தனை டிகிரி திரும்பியது என்று அளப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தட்டையான படத்தில் திருப்பத்தை எப்படி அளப்பீர்கள்? சத்தத்தைக் கேட்டுத் தானாகப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் வைத்திருந்தால் ஒன்று கவனியுங்கள்: மைக் 3 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் வந்து சேர 9 மில்லி நொடி ஆகும். 240-ல் அது இரண்டு பிரேம். 'இம்பாக்ட்' (கிளப் பந்தில் படும் கணம்) என்று அது குறிக்கும் படம் இம்பாக்ட்டுக்குப் பிந்தைய படம். அப்புறம், இரண்டு கேமராவையும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் செருகாதீர்கள். பிரேம்கள் நடுநடுவே விழுந்துவிடும், நீங்கள் ஸ்விங்கில் ஏதோ வெட்டு இருக்கிறது என்று நினைப்பீர்கள்.

கோடே வேதம் என்று இருப்பவர்கள் அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங்கை ஒரு தடவை பின்னாலிருந்து பாருங்கள். கிளப் வெளியே, மேலே, எங்கெங்கோ போய்ச் சுற்றிக்கொண்டு இறங்கும். எந்தச் சாஃப்ட்வேரும் அதற்குப் பச்சை காட்டாது. அவர் 2003-ல் யூஎஸ் ஓபன் ஜெயித்தார். 2016-ல் டிராவலர்ஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்றை 58 அடியில் முடித்தார், அமெரிக்காவின் பிஜிஏ டூர் போட்டிகளில் அதற்கு முன் யாரும் அவ்வளவு குறைந்த அடியில் முடித்ததில்லை.

இனி சொல்லப்போவதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அறையில் சீலிங் ஃபேன் இருந்தால் முதலில் கழற்றுங்கள். நம் வீடுகளில் தளம் பத்தடி உயரம்தான், ஃபேன் அதிலிருந்து ஒரு அடி தொங்குகிறது. வீட்டிலேயே உயரமானவர் டிரைவரை மெதுவாக முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகுதான் பந்தை வையுங்கள். பந்திலிருந்து ஸ்கிரீன் 3 மீட்டர் இருக்கட்டும். ஸ்கிரீனுக்கும் பின்சுவருக்கும் இடையே ஒரு அடியாவது விடுங்கள், துணியை முரசுபோல் இழுத்துக் கட்டாதீர்கள். 46 கிராம் பந்து மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் போய்த் திரும்பி வருவது விளையாட்டு இல்லை. கேமராவுக்கு முன்னால் பாலிகார்பனேட் தகடு ஒன்று போடுங்கள்.

இன்னொன்று. ஒரு அறையில் பையன் டிரைவர் வீசுகிறான், அம்மா அவனுக்குப் பின்னால் ஐந்தடி தூரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார். கை நீளமும் கிளப் நீளமும் சேர்ந்தாலே ஆறடி வரும். அம்மா, அப்பா, யாராக இருந்தாலும் கையில் போனைப் பிடித்து எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த வீட்டில் அன்றைக்கே நூல் கட்டிக் கேமராவை இடம் மாற்றினோம். பிறகு பையனிடம், முன்பெல்லாம் எப்படி எடுப்பாயோ அப்படி எடு என்றேன். யோசித்தான். இரண்டு முறை மேட்டிலிருந்து இறங்கி ஏறினான். "ஞாபகம் இல்ல சார்" என்றான். அப்பா கதவருகே நின்று டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகனுக்காக ஐந்து மாதம் தினமும் இரண்டு மணி நேரம் செலவழித்த மனிதர் அவர். மாட்டிவிட்டுப் போனவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டிவியை ஒரு மாதம் அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பையன் இப்போது காலை ஆறு மணிக்கு நந்தனம் கோல்ஃப் மைதானத்துக்கு வருகிறான், கேமரா இல்லாமல், பந்து போகும் திசையை மட்டும் பார்த்து அடிக்கிறான். நேற்று பத்தில் நாலு நேராகப் போயின.

எனக்கு வீடியோ அனுப்புகிறவர்களுக்கு: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது நசுங்கித்தான் வரும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கூடவே கேமரா நிற்கும் இடத்தைப் பின்னாலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், மேட்டும் இலக்குக் கோடும் அதில் தெரிய வேண்டும். முதலில் அந்தப் போட்டோவைத்தான் பார்ப்பேன்.