டெங்கு: பப்பாளி இலைக்கு முன் கஞ்சி

மழை பிடித்த ஜூன் மாதத்திலிருந்து யாங்கோனில் என் கிளினிக்குக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "டாக்டர், பிளேட்லெட் ஏற என்ன கொடுக்கலாம்?" பிள்ளை நேற்றிலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்று நான் திருப்பிக் கேட்டால் விழிக்கிறார்கள். எனக்கு முதலில் வேண்டியது அந்தக் கணக்குதான்.

டெங்குவில் குழந்தைகளின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் தட்டணு) குறைவு அல்ல. இரத்தக் குழாய்கள் கசிந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறிவிடுகிறது. இரத்த ஓட்டம் தளர்ந்து உடம்பு அதிர்ச்சி (ஷாக்) நிலைக்குப் போகிறது. இது காய்ச்சல் கொதிக்கும்போது நடப்பதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும் வேளையில் நடக்கிறது. "உடம்பு தணிந்துவிட்டது, நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம்" என்று பாட்டி சொல்லும் நாள்தான் நான் பயப்படும் நாள். காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளை துவண்டு கிடந்தாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ, கைகால் சில்லிட்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆகவே டெங்குவுக்குப் பத்தியம் என்றால் முதலில் நீராகாரம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, ஓ.ஆர்.எஸ். கரைசல், இளநீர், மோர், பருப்புத் தண்ணீர் எல்லாம் நல்லவை. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் கொடுத்தால் உடம்பில் உப்பின் அளவு சரியும். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் தேவை. ஒரே மூச்சில் புகட்டினால் வாந்தி வரும். ஒரு வாய் கொடுத்து, சற்றுப் பொறுத்து இன்னொரு வாய் கொடுங்கள். பசி எடுத்து மொஹிங்கா (பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ்) கேட்டால் மறுக்க வேண்டாம். மிளகாய்த் தூளையும் மேலே நொறுக்கிப் போடும் பொரித்த பண்டங்களையும் விட்டுவிடுங்கள்.

சிவப்பு நிற உணவை இந்த ஒரு வாரம் ஒதுக்குங்கள். பீட்ரூட்டும் சிவப்புச் சதையுள்ள டிராகன் பழமும் இரத்தம் ஊறும் என்று ஊட்டுகிறார்கள். வாந்தியோ சிறுநீரோ சிவந்து வந்தால் அது பழமா இரத்தமா என்று வீட்டாரும் திகைக்கிறார்கள், நாங்களும் திகைக்கிறோம். வெற்றிலை போடும் பெரியவர்களுக்கும் இதே பேச்சுதான்: சிவந்த வாயில் ஈறுக் கசிவு தெரியாது.

பப்பாளி இலைச் சாறு பிளேட்லெட்டைச் சற்று ஏற்றலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. நீர்க்கசிவை அது நிறுத்துவதாக நிரூபணமில்லை. ஏற்கெனவே குமட்டும் குழந்தையின் மூக்கைப் பிடித்து அந்தக் கசப்பை ஊற்றினால், உள்ளே இருந்த கஞ்சியும் வெளியே வரும். ஊரிலிருந்து வரவழைக்கும் நிலவேம்புக்கும் என் பதில் இதுதான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, மருந்துக் கடையில் நாலைந்து மாத்திரைகளைக் கலந்து கட்டித் தரும் பெயரில்லாப் பொட்டலம். அதில் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து இருக்கலாம், ஸ்டீராய்டும் இருக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும், அதுவும் எடைக்குத் தக்கபடி, ஆறு மணி நேர இடைவெளியில். ஆஸ்பிரினும் ஐபுபுரொஃபெனும் இரத்தக்கசிவைத் தூண்டும்.

அன்று ரங்கூன் என்றழைக்கப்பட்ட இந்த யாங்கோனில் 1970இல் இந்த நோய் முதன்முதலாகப் பெரிய அளவில் பரவியது. கொசு அதே ஏடிஸ் கொசுதான்: பகலில் கடிப்பது, வீட்டு நீரில் வளர்வது. இப்போது மணிக்கணக்கில் மின்சாரம் போகிறது, மோட்டார் ஓடுவதில்லை. ஆகவே எல்லா வீட்டிலும் டிரம்களில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் இல்லாமல் எப்படி இருப்பது? மூடி பொருந்தாவிட்டால் துணி போட்டு இறுக்கிக் கட்டுங்கள். முட்டை நீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேங்காய் நார் கொண்டு உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. வாரக் கணக்கு அதற்காகத்தான்.

தண்ணீரில் கொசுப்புழுவைக் கொல்லச் சுகாதார ஊழியர்கள் தரும் அபேட் மருந்தை வாடைக்காகக் கழுவி ஊற்றுகிறவர்கள் உண்டு. 200 லிட்டர் டிரம்முக்கு ஒரு சதவீத அபேட் மணல் 20 கிராம்தான் போடுகிறார்கள். அந்த அளவில் கேடில்லை. சாமி மாடத்துப் பூச்சாடி, வழிப்போக்கருக்கு வாசலில் வைக்கும் பானை, குளிர்பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றில் மருந்து போடுவதைவிட அடிக்கடி நீரை மாற்றித் தேய்ப்பதே சுலபம். காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். முதல் ஐந்து நாள் அவரைக் கடிக்கும் கொசு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நோயைக் கொண்டுபோகும்.