வேலூர் வெயிலில் கசியும் டிரான்சிஸ்டர்கள்

காட்பாடிப் பக்கம் படிக்கிற மாணவர்கள் சிப் டிசைன் புராஜெக்ட்டைக் காட்ட வந்தால், பவர் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது எந்த வெப்பநிலையில் எடுத்தது என்பதைத்தான். பெரும்பாலும் 25 டிகிரி என்றிருக்கும். மே மாத வேலூரில் நடு ராத்திரியில்கூட அது அபூர்வம். பகலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மொட்டை மாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் கதியை நினைத்துப் பாருங்கள்.

சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய சுவிட்சான டிரான்சிஸ்டர் ஆன் ஆவதற்கு, அதன் கேட் (gate) என்ற முனையில் தர வேண்டிய வோல்டேஜ்தான் த்ரெஷோல்டு. அது குறைவாக இருந்தால் செல், அதாவது சில டிரான்சிஸ்டர்கள் சேர்ந்த சின்ன சர்க்யூட், வேகமாக ஓடும். ஆனால் ஆஃப் ஆகி இருக்கும்போதும் கரண்ட் கசியும். இந்த இரண்டும் ஒரே கணக்கில் கூடுவதில்லை என்பதுதான் சிக்கல். வேகம் கூடுவது சதவீதத்தில். கசிவு கூடுவது மடங்கில். அறை வெப்பநிலையில் த்ரெஷோல்டு 100 மில்லிவோல்ட் இறங்கினாலே கசிவு ஏறக்குறைய 10 மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். சூடு ஏறினால் த்ரெஷோல்டு தானாகவே இன்னும் இறங்கும்.

அதனால்தான் செல்களின் தொகுப்பான லைப்ரரியில் ஒரே செல்லை எல்.வி.டி. (குறைந்த த்ரெஷோல்டு), எஸ்.வி.டி. (சாதாரணம்), எச்.வி.டி. (அதிகம்) என்று பல த்ரெஷோல்டுகளில் தருகிறார்கள். பொதுவாக அளவும் வடிவமும் ஒன்றே. செல்களை அடுக்கி வயர் போடும் லேஅவுட் முடிந்த பிறகும் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம். இந்த வசதிதான் ஆளைக் கெடுக்கிறது. டெட்லைன் நெருங்கியதும் பிளாக் முழுக்க எல்.வி.டி. போட்டு "டைமிங் க்ளீன் சார்", அதாவது எல்லா சிக்னலும் நேரத்துக்குள் போய்ச் சேர்கிறது என்று வந்து நிற்பார்கள். முன்பு நேரம் தவறிய பாத்தை, அதாவது சிக்னல் போகும் வழியைத் திறந்து பார்த்தால் நீளமான வயர் ஒன்று இருக்கும். வயரின் தாமதத்தை எல்.வி.டி. என்ன செய்துவிட முடியும்? முதலில் எச்.வி.டி.யிலும் எஸ்.வி.டி.யிலும் தொடங்குங்கள். பிளேஸ்மென்ட் (செல் இருக்கும் இடம்), பஃபர் (சிக்னலுக்கு வலுவூட்டும் செல்), டிரைவ் (செல்லின் தள்ளும் திறன்) எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் தவறுகிற பாத்துக்கு மட்டும் எல்.வி.டி. கொடுங்கள். எத்தனை சதவீதம் வரை என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

அதற்காக ஸ்லாக் (மிச்சமிருக்கும் நேரம்) இருக்கிற இடமெல்லாம் எச்.வி.டி. போடுவதும் பேராசைதான். எல்லா பாத்தும் பூஜ்ஜிய ஸ்லாக்கில் வந்து நின்றால், தயாரிப்பில் வரும் சின்ன மாறுபாடுகூட சிப்பைக் கவிழ்த்துவிடும். சப்ளை வோல்டேஜைக் குறைத்து ஓட்டும்போது எச்.வி.டி. ரொம்பவே மெதுவாகும், அதுவும் சூட்டைவிடக் குளிரில்! மே மாத வேலூரில் பாஸான சிப், மார்கழி ஏலகிரியில் திணறலாம் என்று விளையாட்டாகச் சொல்வேன். ஏலகிரிக் குளிர் சிப்புக்கு ஒரு குளிரே இல்லை. சைன்ஆஃபில், அதாவது தயாரிப்புக்கு அனுப்பும் முன் செய்யும் கடைசிச் சோதனையில், மைனஸ் 40 டிகிரி வரை பார்ப்பது வழக்கம்.

சிப் முழுக்க கிளாக் சிக்னலைக் கொண்டுபோகும் கிளாக் ட்ரீயில் த்ரெஷோல்டுகளைக் கலக்காதீர்கள். வெப்பமும் வோல்டேஜும் மாறும்போது ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமாக நகரும், ஸ்க்யூ (கிளாக் வெவ்வேறு இடங்களுக்கு வந்து சேரும் நேர வித்தியாசம்) கெட்டுப்போகும்.

அப்புறம், அடுத்த முறை வரும்போது இரண்டு ரிப்போர்ட் வேண்டும். ஒன்று, ஃபாஸ்ட் கார்னர் (தயாரிப்பு மாறுபாட்டில் டிரான்சிஸ்டர்கள் மிக வேகமாக அமைந்த நிலை), அதிகபட்ச வோல்டேஜ், 125 டிகிரியில் எடுத்த லீக்கேஜ் (கசிவு). மற்றது, எண்ணிக்கையில் எல்.வி.டி. எத்தனை சதவீதம், மொத்தக் கசிவில் அதன் பங்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கு.