பறக்கவோ மிதக்கவோ தெரிந்தவர்க்கு மட்டும்

விவேகானந்தர் பாறைக்குப் படகேற நிற்கும் வரிசையில், இது எரிமலை கக்கிய பாறைதானே என்று யாராவது கேட்பதுண்டு. இல்லை. கரையிலிருந்து சுமார் 500 மீட்டரில் நிற்கும் அதுவும், கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள மருந்துவாழ்மலையும், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறிய மிகப் பழைய பாறைகள். அவ்வகைப் பாறைகள் தேய்ந்து உதிர்ந்த கார்னெட் என்னும் செந்நிறக் கனிம மணிகளே நம் கடற்கரை மணலுக்குச் செம்மை ஏற்றுகின்றன.

உண்மையான எரிமலைத் தீவோ கரையிலிருந்து பிரிந்ததல்ல. கடலடியில் கசியும் எரிகுழம்பு இறுகி, குவிந்து, நீருக்கு மேல் தலைகாட்டுவது. ஈக்வடாருக்கு மேற்கே ஏறத்தாழ 1000 கிலோமீட்டரில் உள்ள கலாபகஸ் தீவுகள் அப்படிப் பிறந்தவை. எரிகுழம்பு மேலெழும் அடியாழத்து வெப்பமையம் பெரிதும் இடம் மாறுவதில்லை. மேலே, தீவுகளைச் சுமக்கும் பூமி ஓட்டின் துண்டான நாஸ்கா தட்டு கிழக்கே நகர்கிறது. அதனால் மேற்கிலுள்ள பெர்னாண்டினா இளையது. கிழக்கே போகப்போகத் தீவுகளுக்கு வயது கூடுகிறது.

பிறந்தபோது அங்கே புல்கூட இல்லை. பறக்கவோ மிதக்கவோ முடிந்தவை மட்டுமே வந்து சேர்ந்தன. ஆமை பல நாள் உணவின்றித் தண்ணீரில் மிதந்து பிழைக்கும். தவளையின் தோல் உப்பைத் தாங்காது. அதனால் அங்கே பேராமைகள் உண்டு, பூர்வீகத் தவளை ஒன்றுகூட இல்லை. தாமாக வந்த பாலூட்டிகளில் தரையில் வாழ்பவை எலிகள் மட்டுமே. நரியோ பூனையோ வரவில்லை. இகுவானா என்னும் பேரோந்தி இனம் ஒன்று கடலில் மூழ்கிப் பாசி மேயப் பழகிக்கொண்டது. முட்டம் பாறைகளில் பாசியை மேயும் நண்டுகளைப் பார்த்தவர்களுக்கு, பல்லியினம் அதைச் செய்வது விசித்திரமாகவே இருக்கும்.

கொன்று தின்பவை குறைவாக இருந்ததால் விலங்குகளுக்கு அச்சம் பழகவில்லை. நீலக்கால் பூபி என்னும் கடற்பறவை நடைபாதையிலேயே முட்டையிடும். உரிமம் பெற்ற வழிகாட்டி, குறியிட்ட பாதை, விலங்கிடமிருந்து 2 மீட்டர் தொலைவு ஆகிய விதிகள் அதனால்தான். இசபெலா தீவில், 2018-இல் வெடித்த சியரா நெக்ரா எரிமலையின் சுமார் 10 கிலோமீட்டர் அகல வாயின் விளிம்பிலும் நடக்கலாம். மருந்துவாழ்மலையின் வழவழத்த பாறைகளை நினைத்துச் செருப்போடு போய்விடக் கூடாது; உறைந்த எரிகுழம்பு உள்ளங்காலை அறுக்கும்.

எரிமலையைவிட அத்தீவுகளைப் பாடாய்ப்படுத்தியது, மனிதன் இறக்கிவிட்ட ஆடு என்பேன். ஆமைக்கான பச்சையையெல்லாம் அது மேய்ந்துவிட, இசபெலாவின் வடபகுதியிலிருந்தும் சாந்தியாகோ தீவிலிருந்தும் 2006 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை அகற்ற வேண்டியதாயிற்று. அந்தமானில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே நம் நாட்டின் எரிமலையான பாரன் (Barren) தீவு இருக்கிறது. அங்கும் ஆடுகள் சுற்றுகின்றன. ஆனால் பயணிகள் கப்பலில் இருந்தே பார்க்கலாம், இறங்க முடியாது.