டிபி மாத்திரையோடு சேர்ந்து வரவேண்டிய 6,000 ரூபாய்

கொரோனா வந்துபோன பிறகு எங்கள் பக்கத்தில் எல்லா இருமலுக்கும் ஒரே பதில்தான். முக்கூடல், வீரவநல்லூர் என்று எந்த ஊர்த் திண்ணையில் கேட்டாலும், "அது அப்பம் வந்த சளிலா, நெஞ்சுல தங்கிட்டு" என்பார்கள். பீடி சுற்றும் வீடுகளில் இன்னொரு பதிலும் உண்டு: "தூள் ஒத்துக்கிடல." இரண்டும் சில பேருக்கு உண்மையாக இருக்கலாம். ஆனால் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால், சளியைப் பரிசோதித்துப் பார்க்காமல் யாரும் எதையும் சொல்ல முடியாது.

நாடு முழுக்க 2019-ல் ஏறத்தாழ 24 லட்சம் பேர் காசநோயாளிகளாகப் பதிவானார்கள். 2020-ல் அது 18 லட்சமாக இறங்கியது. நோய் குறைந்ததால் அல்ல. ஊரடங்கில் பஸ் ஓடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவே பயம், காசநோயைக் கண்டுபிடிக்கும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளில் பலவும் கொரோனா பார்க்கப் போய்விட்டன. கண்டுபிடிக்கப்படாதவர்கள் வீட்டுக்குள்ளேயே, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுத்து இருமிக்கொண்டிருந்தார்கள். 2023-ல் பதிவு 25 லட்சத்தைத் தாண்டியது. இந்த ஏற்றத்தில் ஒரு பங்கு, விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடித்ததால் வந்தது. அந்த அளவுக்கு நல்லதுதான்.

இப்போது பணத்துக்கு வருவோம். 'நிக்ஷய் போஷண் யோஜனா' என்ற மத்திய அரசுத் திட்டம் 2018 ஏப்ரலில் தொடங்கியது. வாயில் நுழையாத பெயர். காசநோயாளிக்கான சத்துணவுப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பர் 1 முதல் அது 1,000 ஆனது. வழக்கமான ஆறு மாத சிகிச்சைக்கு மொத்தம் 6,000. மாதாமாதம் வராது, இரண்டு தவணையாக வரும்: நோய் உறுதியானதும் 3,000, சிகிச்சையில் 84 நாள் முடிந்ததும் 3,000. மருந்துக்குக் கட்டுப்படாத டிபி போன்றவற்றில் ஆறு மாதத்துக்கு மேல் மாத்திரை போகுமானால், கூடுதல் மாதங்களுக்கும் 1,000 வீதம் உண்டு.

யாருக்கு என்றால், அரசின் காசநோய்ப் பதிவில் பெயர் ஏறிய எல்லா நோயாளிக்கும். வருமானச் சான்று கேட்பதில்லை, ரேஷன் கார்டு எந்த வகை என்று பார்ப்பதில்லை. தனியார் டாக்டரிடம் பார்ப்பவருக்கும் உண்டு. இந்தக் கடைசி விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை.

எங்கள் மதினிக்கும் தெரியவில்லை. அவர்கள் பீடி சுற்றுகிறவர்கள், சர்க்கரையும் உண்டு. (சர்க்கரை இருப்பவருக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம் ஊரில் இதை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை.) தனியாரிடம் காட்டி, மூன்று மாதம் கைக்காசைப் போட்டு மாத்திரை வாங்கினார்கள். அங்கே பெயரைப் பதியவே இல்லை. பதியச் சொல்லிக் கேளுங்கள் என்றேன்.

"எய்யா, பேரு பதிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிரும்லா? பொண்ணுக்கு மாப்ள பாக்குத நேரம்."

இந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். ஆனால் நிக்ஷய் என்ற அந்தக் கணினிப் பதிவு ஊர்ப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டுவதற்கல்ல. அதுவுமின்றி, டிபி நோயாளியை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம். அவர்கள் நமக்குச் செய்யும் உதவி என்று நினைக்க வேண்டியதில்லை. பதிவானால் அதே டாக்டரிடம் தொடர்ந்துகொண்டே அரசு மாத்திரையை இலவசமாக வாங்கலாம். மதினிக்கு நான்காம் மாதம் பதிவாயிற்று. அதுவரை போன கைக்காசு போனதுதான்.

பதிந்தால் ஒரு நிக்ஷய் எண் தருவார்கள். சிகிச்சைச் சீட்டில் அதை எழுதி வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். பணம் வராமல் போனால் முதலில் கேட்கப்படும் கேள்வி அந்த எண்தான். பாஸ்புக்கின் முதல் பக்க நகலும் ஆதார் நகலும் கொண்டுபோங்கள். பணம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்குதான். சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் 2020-ல் சேர்ந்துவிட்டன. பழைய பாஸ்புக்கில் உள்ள ஐஎஃப்எஸ்சி எண் இன்று செல்லாது. வருடக்கணக்கில் பணம் போடாத எடுக்காத கணக்கும் முடங்கிக் கிடக்கும். வங்கிக்கு ஒரு நடை போய் அதைச் சரிசெய்துவிட்டு எண்ணைக் கொடுங்கள். நோயாளிக்குக் கணக்கே இல்லையென்றால், ஒப்புதல் எழுதிக்கொடுத்து ரத்த உறவு ஒருவரின் கணக்கைச் சேர்க்கலாம்.

1,000 ரூபாய்க்கு என்ன வாங்குவது? தினம் இரண்டு முட்டை, உளுந்தஞ்சோறு, நிலக்கடலை, உவரிச் சாளை மலிவாக வரும் நாளில் சாளை. சத்து டானிக் டப்பாவுக்குக் கொடுப்பதைவிட இது மேல். இந்தப் பணம் பரிதாபப்பட்டுக் கொடுப்பதல்ல, சிகிச்சையில் ஒரு பாகம். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிக்கு மட்டுமின்றி அவர் குடும்பத்துக்கும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படிக் கிடைத்த குடும்பங்களில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்கள் பிழைக்கும் வாய்ப்பும் கூடியது.

எடை என்றதும் தமிழ்நாட்டின் சொந்தத் திட்டத்தைச் சொல்லவேண்டும். 'காசநோய் இறப்பில்லா திட்டம்' 2022 ஏப்ரலில் தொடங்கியது. டிபியில் சாகிறவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே போய்விடுகிறார்கள். மாத்திரை வேலைசெய்யத் தொடங்கும் முன்பே உடம்பு விட்டுவிடுகிறது. அதனால் நோய் தெரிந்த உடனே ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது இந்தத் திட்டம்: உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ் போகிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஆபத்தான நிலை என்று தெரிந்தால் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பாமல் படுக்கையில் சேர்க்கவேண்டும். எடைக் கருவியும், கொரோனா காலத்தில் வீடுவீடாக வாங்கிய விரல் கிளிப்பும், ஒரு கடிகாரமும் போதும். உங்கள் வீட்டு ஆளுக்கு இதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

'நிக்ஷய் மித்ரா' என்று ஒன்றும் இருக்கிறது, 2022 செப்டம்பரில் வந்தது. தனி ஆளோ நிறுவனமோ ஒரு நோயாளியை ஏற்றுக்கொண்டு உணவுப் பை கொடுக்கலாம். நோயாளி சம்மதித்தால் மட்டுமே. பையை நீட்டி போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. போட்டோ வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் மருந்தகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். டிபி வந்த பீடித் தொழிலாளிக்குத் தனியாகப் பிழைப்பூதியம் அங்கே உண்டு.

வீட்டில் மற்றவர்களையும் கூட்டிப்போய்க் காட்டவேண்டும். நோய் இல்லை என்று உறுதியானால் அவர்களுக்கும் தடுப்பு மாத்திரை தருவார்கள்: வாரம் ஒரு தடவையாகப் பன்னிரண்டு வாரம், அல்லது தினமும் ஒன்றாக ஆறு மாதம். இதுவும் இலவசம். மதினி வீட்டில் மூத்தவள் மட்டும், "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, எதுக்கு மாத்திரை" என்று ஒரு மாதம் இழுத்தடித்தாள். பிறகு விழுங்கினாள். நோயாளிக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். மாத்திரையின் நிறம்தான் அது, பயந்து நிறுத்தக்கூடாது. கண் மஞ்சளித்தாலோ ஓயாமல் வாந்தி வந்தாலோ அன்றே டாக்டரிடம் போகவேண்டும்.

பணம் வரவில்லை, பெயர் பதியமாட்டேன் என்கிறார்கள் என்றால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டு நிக்ஷய் எண்ணைச் சொல்லுங்கள். அப்படியும் நகரவில்லையென்றால் மாவட்டக் காசநோய்ப் பிரிவின் துணை இயக்குநர் அலுவலகத்தில் மனுவாக எழுதிக்கொடுத்து, நகலில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.