பிழையைப் பிள்ளையிடமே விடுங்கள்

கொக்குவிலில் சிறு பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "சேர், எந்த மொழி நல்லது?" என்பதுதான். எட்டு வயது தாண்டிய பிள்ளைக்கு ஸ்க்ராட்ச் போதும்; கட்டளைகளைக் கட்டைகள்போல் அடுக்கி, திரையில் ஒரு பூனையை ஓட்டுகிற நிரல் மொழி அது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்டது; இலவசம். ஒருமுறை தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். பிறகு, கட்டளைகளை எழுத்தில் எழுதுகிற பைதன். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுத்தால் அது எப்படியும் வரும்.

எனக்குக் கவலை மொழியில் இல்லை. எங்கள் பிள்ளைகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், ரியூசன் என்று ஓடி வருகிறவர்கள். பிழை என்றால் புள்ளி போச்சு, வீட்டில் ஏச்சு விழும் என்றே பழகிவிட்டார்கள். திரையில் நினைத்தது வராவிட்டால் கை அப்படியே நின்றுவிடும். கண் அம்மாவைத் தேடும். நிரல் எழுதுகிற வேலையோ பெரும்பாலும் பிழை தேடுகிற வேலைதான். வருடக்கணக்காக எழுதுகிறவர்களுக்கும் அப்படித்தான்.

போன மார்கழியில், குருநகரிலிருந்து வரும் ஏழாந்தரப் பையன் நத்தார் வெள்ளி கீற ஆசைப்பட்டான். சதுரத்துக்கு 90 பாகை திருப்பிப் பழகியவன். வெள்ளிக்கு ஐந்து முனை என்று 360ஐ ஐந்தால் வகுத்து 72 போட்டான். பூனை பேனாவை இழுத்துக்கொண்டு போய் ஓர் ஐங்கோணத்தைக் கீறிவிட்டு நின்றது.

பக்கத்திலிருந்த தாய், "சேர், சரியான எண்ணைச் சொல்லிவிடுங்கோவன், பாவம்" என்றார். நான் சொல்லவில்லை. "நீ என்ன கீற நினைச்சனி? அது என்ன கீறியிருக்கு?" என்று மட்டும் அவனைக் கேட்டேன்.

வெண்கட்டி கேட்டு வாங்கினான். சீமெந்து நிலத்தில் கையெடுக்காமல் ஒரு வெள்ளியைக் கீறி, கோட்டின் மேலேயே நடந்தான். முனைக்கு முனை திரும்பினான். மறுபடி நடந்தான். பாதியில் நின்று, "சேர், நான் ரெண்டு சுத்துச் சுத்திறன்!" என்றான். அப்புறம் இரண்டு சுற்றுக்கு 720 பாகை என்று, அதை ஐந்தால் வகுத்தான். 144. கால் மணித்தியாலம் போயிருக்கும். அந்த எண்ணை நான் சொல்லியிருந்தால் வெள்ளி உடனே வந்திருக்கும். இரண்டு சுற்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

"எனக்குக் கொம்பியூட்டர் தெரியாதே, எப்படி உதவுறது?" என்று சில தாய்மார் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். உங்களால் கேட்க மட்டும்தான் முடியும், அதுவே பிள்ளைக்கு வேண்டியது. கணினி தெரிந்த அப்பாக்களிடம்தான் நான் கெஞ்சுவது: மவுசைப் பறிக்காதீர்கள். வீட்டில் மடிக்கணினி இல்லையென்றால் கொப்பியில் கட்டளைகளை எழுதி, தம்பி தங்கையை அதன்படி நடக்கவிட்டுப் பார்க்கட்டும். எங்கே பிசகுகிறது என்று அங்கேயே விளங்கும்.

பொங்கலுக்கு அவன் பானை கீறினான். பானை தலைகீழாக வந்தது. நான் எழும்புவதற்கு முன்பே தாயின் குரல் கேட்டது: "நீ என்ன கீற நினைச்சனி, தம்பி?"